விசாரிக்க வருகிறவன்

பத்து மணிக்கு மேல் வருவான் என்று பேங்கில் சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்கு மேல் என்றால் என்ன கணக்கு? பதினொன்றும் மேல்தான், மூன்றும் மேல்தான், ஊரடங்கிய பிறகும் மேல்தான். சென்னியப்பன் குளித்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். உட்கார்ந்தால் சட்டை கசங்குகிறது, நின்றால் கால் கடுக்கிறது. ஐம்பத்து மூன்று வயதில், பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருக்கிற பெண்பிள்ளை மாதிரி ஒரு பிழைப்பு. வருகிறவன் யார்? பேங்க் ஆள்கூட இல்லை, பேங்க் கூலிக்குப் பிடித்து அனுப்புகிறவன். வீட்டுக் கடன் கேட்டவன் சொன்ன விலாசத்தில்தான் குடியிருக்கிறானா, அக்கம்பக்கத்தில் அவனைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று நேரில் பார்த்து எழுதிக் கொடுப்பது அவன் தொழில். இதற்கெல்லாம் ஒரு தொழில். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. சம்பளச் சீட்டு, வருமான வரி, கோர்ட் உத்தரவு எல்லாம் மேலே போய், ஒவ்வொரு மேஜையிலும் ஒருவன் மூக்கைச் சுளித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. மிச்சம் இந்த ஒருத்தன். இவன் ‘இருக்கிறான், யோக்கியன்தான்’ என்று எழுதினால் கடன் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கோபுரத்தையெல்லாம் கட்டி முடித்துவிட்டு, உள்ளே போகலாமா என்று செருப்பு காக்கிறவனைக் கேட்டு நிற்கிற கதை. கதவைத் திறந்து வைக்கலாமா என்று யோசித்தான். திறந்து வைத்தால் காத்துக்கிடக்கிறான் என்று தெரிந்துவிடும். எழுந்து போய்த் திறந்தான், தெருவைப் பார்த்தான், சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

அறையை மறுபடி ஒரு நோட்டம் விட்டான். அறை என்ன அறை. லைன் வீடு. இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். காலையில் எழுந்ததும் பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்து ஆணியில் மாட்டியிருந்தான். தன் பனியன் கம்பெனி வாசலில் ஒரு ஜெர்மன்காரனோடு கைகுலுக்கிக்கொண்டு நிற்கிற படம். வருகிறவன் பார்த்தால் ‘அடேயப்பா, இப்பேர்ப்பட்ட மனுஷனா’ என்று நினைப்பான். அப்புறம் ‘இப்பேர்ப்பட்ட மனுஷன் எப்படி இந்தப் பொந்துக்கு வந்தான்’ என்றும் நினைப்பானே என்று தோன்றிக் கழற்றினான். மறைப்பது போல் இருந்ததால் திரும்ப மாட்டினான். ஜெர்மன்காரனின் சிரிப்பு பிடிக்காமல் மறுபடி கழற்றினான். கடைசி கண்டெய்னரைத் திருப்பி அனுப்பியவன் அந்தச் சிரிப்புக்காரன்தான். சாயம் போகிறது என்று ஒரு வரி, தீர்ந்தது, இருபது வருஷத்து உழைப்பு. படம் கட்டிலுக்கு அடியில் போயிற்று. வெறும் ஆணி இருந்தால் எதையோ கழற்றியிருக்கிறான் என்று தெரியாதா? அதில் காலண்டரைத் தூக்கி மாட்டினான். காலண்டர் ஒரு நகைக் கடன் கம்பெனியினுடையது. அதை யார் கொடுத்தார்கள் என்று அவனுக்கு ஞாபகமில்லை. இனிமேல் அதையும் கழற்றினால் பைத்தியம் பிடித்துவிடும் என்று விட்டுவிட்டான்.

வெளியே கத்தரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு ஒச்சம்மா வாசப்படியில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். தைத்த பனியன்கள் கம்பெனியிலிருந்து மூட்டையாக வந்து இறங்கும். தொங்குகிற நூலையெல்லாம் வெட்டி மடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவள். கத்தரியும் ஓயாது, வாயும் ஓயாது. அவன் கம்பெனி நடந்த காலத்தில் இவளைப் போல எத்தனையோ பேர் பிசிறு வெட்டினார்கள், ஒருத்தி முகம்கூட அவனுக்குத் தெரியாது. இப்போது ஒருத்தியின் முகத்தைக் காலையும் மாலையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கருவாட்டுக் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டுவாள். இரண்டு விரலால் வாங்கி வைத்துக்கொண்டு, அவள் தலை மறைந்ததும் சாக்கடையில் ஊற்றுவான். கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்க மட்டும் மறக்க மாட்டான், கடன் வைக்கக் கூடாதல்லவா. ‘பக்கத்துல சொல்லி வச்சிருங்க சார், விசாரிப்பாங்க’ என்று பேங்கில் கடன் மேஜையில் இருந்த பெண் சொல்லியிருந்தாள். என்னவென்று சொல்லி வைப்பது? சென்னியப்பன் யோக்கியன் என்று பிசிறு வெட்டுகிறவள் சாட்சி சொன்னால்தான் பேங்க் நம்புமாம். அந்தப் பக்கத்து வீட்டில் இருக்கும் ஒடிசாப் பையன்கள் பகல் முழுக்க வேலையில். ஆக இவள் ஒருத்திதான். நேற்று ராத்திரிகூடச் சொல்ல வாயெடுத்தான். சொன்னால் எந்த பேங்கு, எம்புட்டு, எந்த ஊர்ல வீடு, அண்ணி வந்துருவாகளா என்று தோண்டித் துருவி, விடிவதற்குள் லைன் முழுக்கப் பரப்பிவிடுவாள். நாக்கை மடக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். கேட்டால் அவன் கேட்டுக்கொள்ளட்டும், இருக்கிற ஆளை இல்லையென்றா சொல்லிவிடப் போகிறாள்.

எல்லாம் அந்த மஞ்சக் கடுதாசியால் வந்த வினை. கொடுக்க வக்கில்லை, என்னிடம் இனி ஒன்றுமில்லை என்று கோர்ட்டில் எழுதிக் கொடுப்பதற்கு ஊர் வைத்த பேர். மஞ்சளாம். வக்கீல் டைப் அடித்து நீட்டியது சுத்தமான வெள்ளைத் தாள். சென்னியப்பன் மஞ்சக் கடுதாசி குடுத்துட்டானாமா என்று டீக்கடையில் பேசினார்கள், பேசும்போது டீயில் சர்க்கரை கூடியிருக்கும். அவன் காசில் கல்யாணம் பண்ணியவன், அவன் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனவன், எல்லோரும் அன்றைக்கு நீதிபதி. நிஜ நீதிபதிக்கு அவ்வளவு கோபம்கூட இல்லை. கம்பெனியையும் பங்களாவையும் விற்றுப் பிரித்துக் கொடுத்துவிட்டு, சில வருஷம் கழித்து, போ, உனக்கு விடுதலை என்று உத்தரவு போட்டார். பேங்கில் அந்தப் பெண் அந்த உத்தரவைப் புரட்டிவிட்டு ‘ஓ, முன்னாடி ஒரு இஷ்யூ இருந்துச்சுங்களா சார்’ என்றாள். இஷ்யூ. ஊரே கைகொட்டிச் சிரித்தது இவளுக்கு இஷ்யூ. ஆனால் கோர்ட் உத்தரவைக் கைமாற்றுக் கொடுத்தவன் படிப்பானா, தண்டல்காரன் படிப்பானா? வந்தார்கள். பைக்கை வாசலிலேயே உறும விடுகிறவன் ஒரு தினுசு, எதிர்ச் சுவரில் சாய்ந்து பேசாமல் பீடி குடிக்கிறவன் ஒரு தினுசு. ‘ஏனுங் மாப்ள, சௌக்கியமுங்களா’ என்று குழைந்துகொண்டே வருகிறவன்தான் இருப்பதிலேயே ஈனப் பிறவி. அப்படி ஒரு குழைவுக்காரன்தான் வசந்தாமணியின் கழுத்தைப் பார்த்து ‘அது எத்தனை பவுனுங் அம்மிணி’ என்று கேட்டான். அன்று சாயங்காலமே அவள் பெட்டியோடு கோபியில் இருக்கிற அண்ணன் துரைசாமி வீட்டுக்குப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போகவில்லை, அழவும் இல்லை. ‘கடன்காரன் வந்து நிக்காத வாசல் ஒன்னு காட்டுங்க. அன்னைக்கே வர்றனுங்க’ என்றாள். அதற்கு அப்புறம் ஆறு வருஷமாக அவளைக் கல்யாண மண்டபங்களில் பார்க்கிறான், பந்தியில் எதிர் வரிசையில்.

துரைசாமி. பெயரைப் பார். கரும்பு வெட்டிய காசில் கார் வாங்கி, வாரம் ஒருமுறை அதைத் தானே கழுவுகிறவன். சபையில் நாலு பேர் இருந்தால் போதும், ‘தங்கச்சி நம்மூட்டுலதானுங்க இருக்குது, பாவம்’ என்பான். அந்தப் பாவத்தைச் சொல்லும்போது அவன் மூஞ்சியில் வருகிற தர்மகர்த்தாக் களை இருக்கிறதே, அதற்காகவே ஒரு வீடு வாங்க வேண்டும். பெருமாநல்லூர் ரோட்டில் பார்த்திருக்கிற வீடு ஒன்றும் அரண்மனை இல்லை. இரண்டு படுக்கையறை, தெற்கு வாசல், தெற்கு என்பதால் விலை படிந்தது. போன வாரம் வசந்தாமணியிடம் போனில் சொன்னான். ‘பேங்க்குல குடுப்பாங்ளா, உங்களுக்கு?’ என்றாள். அந்த உங்களுக்கு இன்னும் காதில் குத்திக்கொண்டு நிற்கிறது. ‘குடுத்தா சொல்லுங்க, பெட்டி கட்டறேன்’ என்றும் சொன்னாள். பேங்கும் கடன்காரன்தானே வசந்தாமணி என்று கேட்க வந்து விழுங்கிக்கொண்டான். சம்பளத்தில் தானாகப் பிடித்துக்கொள்கிற கடன்காரன் வாசலில் வந்து நிற்க மாட்டான், அவ்வளவுதான் வித்தியாசம், அந்த வித்தியாசத்துக்குத்தான் ஊரில் மரியாதை என்று பேர். சம்பளம் கொடுக்கிறவன் திருமூர்த்தி. இவனிடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவன். இப்போது முதலாளி. ‘நீங்க போய் அப்பிடிச் சொல்லலாமுங்களாண்ணா’ என்று பணிவாகப் பேசியே இவனைக் கூலிக்காரனாக வைத்திருக்கிறான். வீட்டுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, மாதம் முடிவதற்குள் பேங்க் சம்மதிக்காவிட்டால் வேறு ஆள் வாங்கிக்கொள்வான். இந்த பேங்குக்கு முன்னால் ஏறிய படிகளில் எல்லாம் பேரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்ததுமே முகத்தை மாற்றிக்கொண்டார்கள். இது போனால் இன்னொன்று இல்லை. இந்த வயதுக்கு எவன் கொடுப்பான்? இது போனால் வசந்தாமணி எதிர்ப் பந்தியிலேயே கிழவியாவாள், இவன் இந்தச் சுவருக்குள்ளேயே தும்மிக்கொண்டு கிடப்பான். தாகமெடுத்தது. தண்ணீர் குடித்தால் அந்த நேரம் பார்த்துக் கக்கூஸுக்குப் போக வேண்டி வரும், அவனும் அந்த நேரம் பார்த்து வந்து தொலைவான் என்று குடிக்காமல் இருந்தான்.

போன் மேஜைமேல் நடுங்கியது. பெயரில்லாத நம்பர். விரல் தானாகப் போய்ப் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்த, நடுக்கம் நின்றது. பெயரில்லாத நம்பரை அவன் எடுத்து எத்தனையோ வருஷமாயிற்று. அழுத்திய பிறகுதான், ஐயோ, அவனாக இருக்குமோ என்று தோன்றியது. திரும்பக் கூப்பிடலாமா? கூப்பிட்டால் அலைகிறான் என்று நினைப்பான். அவனே கூப்பிடட்டும். கூப்பிடாவிட்டால்? போனைக் கையில் எடுத்தபோது வெளியே பைக் ஒன்று வந்து நின்றது. ஸ்டாண்டு போடுகிற சத்தம். செருப்புச் சத்தம். ‘ஏனுங்க்கா, இங்க சென்னியப்பன்ங்கறவர் வீடு எதுங்க?’ என்று ஒரு குரல். அவ்வளவுதான். கை போய் ஃபேனை நிறுத்தியது. கால் இரண்டும் சத்தமில்லாமல் கதவுக்குப் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டன. வந்திருப்பது விசாரிக்கிறவன்தான், காலையிலிருந்து சவரம் செய்து காத்திருந்தது இவனுக்காகத்தான் என்று மூளைக்குத் தெளிவாகத் தெரிந்தது. மூளைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை. கத்தரிச் சத்தமும் நின்றிருந்தது. ‘எந்தச் சென்னியப்பன்?’ என்றாள் ஒச்சம்மா. ‘பனியன் கம்பெனி வச்சிருந்தாராமா.’ ‘அந்த ஆளா? அவுக காலி பண்ணிட்டுப் போயி மூணு மாசமாச்சேய்யா.’ ‘எங்க போனாருங்க?’ ‘யாரு கண்டா. பெங்களூருங்காக, பம்பாயிங்காக. எனக்கே ஐநூறு ரூவா தரணும் அந்த மனுசன். நீங்க எங்கயாச்சும் பாத்தா கேட்டு வாங்கிக் குடுங்க.’ எவ்வளவு சரளமாக வருகிறது பொய், அதற்கு ஐநூறு ரூபாயில் ஒரு ஜோடனை வேறு. கதவைத் திறடா என்று சென்னியப்பன் தனக்கே சொல்லிக்கொண்டான். தாழ்ப்பாள் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. இப்போது திறந்தால் அவள் பொய்க்காரி, அதோடு ஒளிந்து நின்ற இவன் யார்? ‘வெளியில பூட்டு இல்லீங்களேக்கா’ என்றது அந்தக் குரல். ‘வீட்டுக்காரரு பழைய சாமானைப் போட்டு வச்சிருக்காரு. உள்ள எலிதான் ஓடுது.’ உள்ளே எலி சுவரோடு சுவராக நின்றது. பைக் கிளம்பிப் போயிற்று.

கதவைத் திறந்தபோது வெயில் முகத்தில் அடித்தது. ஒச்சம்மா மடி நிறைய நூல் துணுக்குகளோடு உட்கார்ந்திருந்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ‘போயிட்டான்ணே. இவன் புதுசா இருக்கான், களுத்துல அட்டையெல்லாம் போட்டு வந்திருக்கான். ரெண்டு வருசமா ஒருத்தனையும் காங்கலயேன்னு நெனச்சேன். நீங்க பயப்படாதீக, இனி வரமாட்டான்.’ அவள் முகத்தில் ஒரு வேலையைச் சரியாகச் செய்து முடித்தவளின் நிம்மதி இருந்தது. இதுவரை வந்தவனையெல்லாம் அவள்தான் திருப்பி அனுப்பினாள் என்பது அவனுக்குத் தெரியாததா? இதே கதவுக்குப் பின்னால் நின்று எத்தனை முறை கேட்டிருக்கிறான். ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்பாள், கோயிலுக்கு மாலை போட்டுப் போயிருக்கிறான் என்பாள், ஒருமுறை செத்தே போய்விட்டான் என்றாள். வாய்க்கொழுப்பு பிடித்தவள், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டாள் என்று நினைத்துக்கொண்டால் நன்றி என்று ஒன்று நெஞ்சில் ஏறாது. அப்படியே நினைத்துப் பழகிவிட்டான். இப்போது இவளிடம் என்ன சொல்வது? நீ விரட்டியது என் வீட்டை என்றா, என் பெண்டாட்டியை என்றா? கையில் இருந்த போன் மறுபடி நடுங்கியது. அதே நம்பர். ‘எடுக்காதீகண்ணே’ என்று ஒச்சம்மா கையை ஆட்டினாள். எடுத்தான்.

‘சார், பேங்க் வெரிஃபிகேஷனுங்க. நீங்க குடுத்த அட்ரஸ்ல நீங்க இல்லைன்னு பக்கத்து வீட்டம்மா சொல்றாங்களே. காலி பண்ணி மூணு மாசமாச்சாமா. அந்தம்மாவுக்கே பணம் தரணுமாமா. இப்பிடியே எழுதிரட்டுங்களா?’ அந்தக் குரலில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது, ஆளைப் பிடித்துவிட்டவனின் சிரிப்பு. உண்மையைச் சொல்லலாம். கடன்காரன் என்று நினைத்து என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னாள் என்று சொல்லலாம். சொன்னால் கடன் அந்த இடத்திலேயே செத்தது. வாசலுக்குக் கடன்காரன் வருகிறவனுக்கு எவன் வீட்டுக் கடன் கொடுப்பான்? ஆள் மாறிச் சொல்லிட்டாங்க என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்ல வாயெடுத்தான். வந்தது வேறு. ‘யாரு, அந்தப் பிசிறு வெட்டறவளா? அவ பேச்சைப் போய்க் கேட்டுட்டு வந்தீங்களா? அது ஒரு அரைக் கிறுக்குங்க. வாயத் தொறந்தாப் பொய்யி. கண்ட ஊர்ல இருந்து பொழைக்க வந்து கெடக்குதுக, இதுகளுக்கு நல்லவன் யாரு, கெட்டவன் யாருன்னு என்ன தெரியும்? நான் ஊட்டுலதான் இருக்கறேன். திரும்பி வாங்க.’ குரல் தானாக உயர்ந்திருந்தது. கம்பெனியில் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிய குரல், எங்கே போயிற்று என்று அவனே தேடிக்கொண்டிருந்த குரல், இதற்கென்று வந்து நின்றது. சொல்லச் சொல்ல நெஞ்சு இதமாக இருந்ததுதான் கேவலம். ஒரு நொடி அவன் மறுபடி முதலாளியாக இருந்தான். குழைந்துகொண்டு வந்து தாலியை எடை போட்டவனை ஈனப் பிறவி என்று ஆறு வருஷமாகத் திட்டியவன், அந்த ஈனப் பிறவிகூட முகத்துக்கு நேரே இப்படிப் பேசவில்லையே என்று நினைத்தான். போனைக் கீழே இறக்கியபோது கத்தரி ஓடவில்லை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஓட ஆரம்பித்தது.

தெருமுனையில்தான் நின்றிருப்பான் போல, உடனே வந்துவிட்டான். முப்பது வயதிருக்கும், வியர்த்து வழிகிற ஆள். இவனைப் போய் எவ்வளவு பெரியவனாக நினைத்துக்கொண்டிருந்தோம் என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. உள்ளே வந்து நாற்காலியைப் பார்த்தான், காலண்டரைப் பார்த்தான், கதவோடு சேர்த்து அவனை ஒரு படம் எடுத்துக்கொண்டான், அடையாள அட்டையைச் சரிபார்த்தான். வேலை முடிந்தது என்று சென்னியப்பன் மூச்சு விடும்போது அவன் வாசலுக்குப் போய் ஒச்சம்மாவின் முன்னால் நின்றான். ‘ஏனுங்க்கா, அவரு இங்கதான இருக்கறாரு? நீங்க என்னமோ சொன்னீங்க?’ ஒச்சம்மா எழுந்து நின்றாள். மடியிலிருந்த நூலெல்லாம் உதிர்ந்தது. சென்னியப்பன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். இனி அவள் நிஜத்தைச் சொன்னாலே போதும், யார் யார் எப்போது வந்து கேட்டார்கள் என்று வரிசையாகச் சொன்னாலே போதும். சொல்லத்தான் செய்வாள், யார்தான் சொல்லமாட்டார்கள், அவனாக இருந்தால் இன்னும் நாலு சேர்த்துச் சொல்லியிருப்பான். ‘தப்புதான் சார்’ என்றாள் ஒச்சம்மா. ‘எனக்குக் கொஞ்சம் கூறு பத்தாது. ஆள மாத்திச் சொல்லிப்புட்டேன்.’ ‘அந்த ஐநூறு ரூபாய்?’ ‘அது வேற ஆளு தரணும் சார். இவுக ஒண்ணும் தரவேண்டியதில்ல.’ அவன் பேனாவைத் திறந்தான். ‘உங்க பேருங்க்கா?’ ‘ஒச்சம்மா.’ ‘இவரு எத்தனை வருசமா இங்க இருக்கறாரு?’ ‘ஆறு வருசமா.’ ‘ஆள் எப்பிடிங்க?’ ஒச்சம்மா திரும்பிச் சென்னியப்பனைப் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று நினைத்து அவன் பார்வையைத் தாழ்த்தப் போனான், கோபத்தைக் காணோம். முன்பின் தெரியாத ஒருத்தனை அடையாளம் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தாள். அப்புறம் அந்த ஆள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

‘நல்ல மனுசன் சார். யாரையும் ஒரு சொல்லு சொல்ல மாட்டாரு.’

அவன் அதை அப்படியே எழுதிக்கொண்டான்.